ஓர் அழைப்பும் ஆறு இலக்கங்களும்: அக்குறணையிலிருந்து விசுவமடு வரை

அக்குறணைக்கு நான் போனது செய்தி சேகரிக்க அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஊடகக் கற்கைகள் படித்த தோழியின் வாப்பா சுகமில்லாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டினால், வீதியின் இருபுறமும் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் ஊர் அது. தோழி வாசலிலேயே என்னை நிறுத்திச் சொன்னாள்.

“வாப்பாக்கு வருத்தம் ஒண்டுமில்ல. எக்கவுண்ட்ல இருந்த காசு போயிட்டு. ஒரு கிழமையா சரியாச் சாப்பிடுறார் இல்ல. நீயா ஒண்டும் கேக்காத, அவராச் சொன்னாச் சொல்லட்டும்.”

தேநீர் குடித்து முடியும்போது அவராகவே சொன்னார். முப்பது வருடங்களுக்கு மேல் புடைவைக் கடை நடத்தியவர். கணக்கு வழக்கில் ஒரு சதம் பிசகாதவர் என்று ஊரில் பெயர். அன்று காலை பத்து மணியளவில் அழைப்பு வந்திருக்கிறது. மறுமுனையில் சிங்களத்தில் பேசியவர், தான் கொழும்பு சிஐடியிலிருந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இவருடைய முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கிளை எல்லாம் அவரிடம் இருந்தன. “உங்கள் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது. அதை அனுப்புபவரின் தொலைபேசி இலக்கம் பயங்கரவாத நிதி பற்றிய விசாரணை ஒன்றில் சிக்கியிருக்கிறது” என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பணம் வருவது உண்மை. மகன் கட்டாரில் வேலை செய்கிறார். 

“விசாரணைக்குக் கொழும்புக்கு வாறீங்களா, இல்ல போன்லயே முடிச்சுக்கொள்ளுவமா எண்டு கேட்டான். போன்லயே முடிப்பம் சேர் எண்டு நான்தான் கெஞ்சினேன்” என்றார் வாப்பா.

அதன்பின் மூன்று குறுஞ்செய்திகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கங்கள். மூன்றையும் வாசித்துக் காட்டினார். பதினொரு நிமிடங்களில் நான்கு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது.

“ஓடிபி சொல்லக்கூடாது எண்டு எனக்குத் தெரியாதா மகள்? கடையில வேல செஞ்ச பொடியன்களுக்கு நானே சொல்லியிருக்கேன். ஆனா சிஐடி எண்டதும் மூளை நிண்டுபோச்சு.”

இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டபோதுதான்.

அறியாமை அல்ல, அச்சம்

வங்கி மோசடி பற்றிய விழிப்புணர்வு விளம்பரங்கள் எல்லாம் ஏமாந்தவருக்கு விஷயம் தெரியாது என்ற ஊகத்திலிருந்துதான் தொடங்குகின்றன. வாப்பாவுக்கு விஷயம் தெரியும். அவரை வீழ்த்தியது அச்சம். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2018 மார்ச்சில் திகனவில் தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை அக்குறணை, அம்பத்தென்ன பகுதிகள் வரை வந்தது. மறு வருடம் ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்கள் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும், ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழும் கைது செய்யப்பட்டார்கள். 2020 மார்ச் இறுதியில் கொவிட் காரணமாக நாட்டில் முதன்முதலாக முற்றாக மூடப்பட்ட ஊர்களில் அக்குறணையும் ஒன்று. இப்படி வாழ்ந்த ஒருவரிடம், “உங்கள் பெயர் ஒரு விசாரணையில் இருக்கிறது” என்று ஒரு குரல் சொன்னால், அது பொய்யாக இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எளிதில் வராது. இது நடக்கக்கூடியதுதான் என்றே முதலில் தோன்றும்.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எங்களுக்கும் உயிர்நாடி. அதே பணம்தான் எங்களைச் சந்தேகத்துக்கு உரியவர்களாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. புலம்பெயர் தமிழர் அமைப்புகளையும் தனிநபர்களையும் அரசு வர்த்தமானி மூலம் தடைப் பட்டியலில் சேர்த்ததும், சிலரை நீக்கியதும், திரும்பச் சேர்த்ததும் 2014இலிருந்து நடந்து வருகிறது. ‘பயங்கரவாத நிதி’ என்ற சொல் எங்கள் வீடுகளில் என்ன செய்யும் என்பதை மோசடிக்காரர்கள் கற்றுவைத்திருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு வந்த அழைப்பு

அன்று வாப்பா பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு விசுவமடுவில் இருக்கும் என் பெரியம்மாவின் நினைவு வந்தது. அவருடைய மூத்த மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் எங்களைப் பிரிந்தான். இன்றுவரை தகவல் இல்லை.

2011இல் ஒருவர் வீடு தேடி வந்தார். அண்ணாவை ஒரு தடுப்பு முகாமில் கண்டதாகவும், பணம் கொடுத்தால் வெளியே எடுக்கலாம் என்றும் சொன்னார். பெரியம்மா இருந்த சங்கிலியை விற்றுக் கொடுத்தார். அந்த ஆள் திரும்பி வரவில்லை. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஆணைக்குழுக்கள் முன்னால் அளித்த சாட்சியங்களில் இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பணம் பறித்தவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருந்தார்கள்.

பன்னிரண்டு வருடங்களின் பின் அதே மோசடி தொலைபேசியில் வந்தது. இம்முறை பேசியவர் நல்ல தமிழில் பேசினார். இழப்பீட்டுக்கான அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், இரண்டு இலட்சம் ரூபாய் அங்கீகரிக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். அந்தத் தொகையை அவர் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. காணாமல் போனோரின் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்க 2022இல் அமைச்சரவை தீர்மானித்தது. அதே வருடத்தில் அது இரண்டு இலட்சமாக உயர்த்தப்பட்டது. செய்திகளில் வந்த விடயத்தை எடுத்துத் தூண்டிலில் கோர்த்திருக்கிறார்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் பெரியம்மாவும் உட்கார்ந்தவர். “எனக்குக் காசு வேண்டாம், பிள்ளைதான் வேணும்” என்று அவர் சொல்லியிருக்கிறார். பேசியவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

“சரி அம்மா, காசு வேண்டாம். ஆனா மகன்ர பதிவை உறுதிப்படுத்தாட்டில் பட்டியலில இருந்து பேர் போயிடும். இப்ப ஒரு இலக்கம் வரும், அதை மட்டும் சொல்லுங்கோ.”

மகனின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடக்கூடாது என்பதற்காகப் பெரியம்மா அந்த இலக்கத்தைச் சொன்னார். கணக்கில் இருந்த 38,000 ரூபாயும் போனது.

பிறகு அந்தக் குறுஞ்செய்தியை நான் வாங்கிப் பார்த்தேன். இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்லவேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆங்கிலத்தில். பெரியம்மாவுக்கு அதில் வாசிக்கத் தெரிந்தது ஆறு இலக்கங்களை மட்டும்தான்.

அந்த மூன்று குறுஞ்செய்திகளில் நடந்தது என்ன?

வாப்பாவிடம் இணைய வங்கிக் கணக்கே இருக்கவில்லை. அப்படியிருக்க பணம் எப்படிப் போனது என்பதுதான் அவருக்குப் புரியாமல் இருந்தது. குறுஞ்செய்திகளை வரிசையாக வாசித்தபோது விடயம் தெளிவானது. மறுமுனையில் இருந்தவர், கையில் இருந்த விவரங்களை வைத்து வாப்பாவின் பெயரில் இணைய வங்கிச் சேவையைப் பதிவு செய்திருக்கிறார். முதலாவது இலக்கம் அதற்கானது. இரண்டாவது, பணம் பெறும் புதிய கணக்கு ஒன்றைச் சேர்ப்பதற்கு. மூன்றாவது, பணத்தை அனுப்புவதற்கு. “விசாரணை” நடந்துகொண்டிருந்த நேரத்தில் உண்மையில் நடந்தது இதுதான்.

இன்று இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நாளின் எந்த நேரத்திலும் சில விநாடிகளில் பணம் போய்ச் சேரும். அந்தக் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு, அங்கிருந்து ஏடிஎம்முக்கு. வாப்பா தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் யோசித்துவிட்டு வங்கிக்குப் போனபோது பணம் கைமாறி முடிந்திருந்தது.

அந்த இடைக் கணக்குகள் யாருடையவை என்பதையும் எங்கள் இளைஞர்கள் கவனிக்கவேண்டும். “உன்ர எக்கவுண்டை ஒரு மாதம் தா, வாற காசை எடுத்துத் தா, கமிஷன் தாறன்” என்று கேட்பவர்களுக்குக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடுத்தவர்களின் கணக்குகள்தான் பெரும்பாலும் இவை. பொலிஸ் முதலில் வந்து நிற்பது கணக்கின் சொந்தக்காரர் வாசலில். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் அவர்மீதும் பாயலாம். புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவரோ, அவருடைய பிள்ளையோ இப்படிச் சிக்கினால், விசாரணை மோசடியோடு மட்டும் நின்றுவிடும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

குண்டசாலை ஹோட்டல்

இவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள்? பல நாடுகளிலிருந்து. சில வேளை பக்கத்திலிருந்தும்தான். 2024 ஒக்டோபரில் அக்குறணை இருக்கும் அதே கண்டி மாவட்டத்தின் குண்டசாலையில், ஒரு ஹோட்டலில் தங்கியிருந்து இணையவழி நிதி மோசடியில் ஈடுபட்டதாக 120இற்கும் மேற்பட்ட சீனப் பிரஜைகளைப் பொலிஸார் கைது செய்தார்கள். அதே மாதம் கொழும்பைச் சூழவுள்ள இடங்களிலும் இவ்வாறான கைதுகள் நடந்தன. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூன் இறுதியில், நீர்கொழும்பு உட்பட்ட பகுதிகளில் இந்தியப் பிரஜைகள் பலர் இதே குற்றச்சாட்டில் கைதானார்கள்.

மறுபுறத்தில், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைக்கப்பட்டு, முன்பின் அறியாதவர்களை ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கப்பட்டார்கள். தொலைபேசியின் மறுமுனையிலும் ஏமாற்றப்பட்ட ஒருவர் இருக்கக்கூடும். இது கூலிக்கு ஆள் பிடித்து, நேர அட்டவணை போட்டு, பேசவேண்டிய வசனங்களை எழுதிக்கொடுத்து நடத்தப்படும் தொழில். ஒரு தொழிற்சாலையின் முன்னால் தனியாக நின்ற முதியவரைப் பார்த்து “நீங்கள் கவனமாக இருந்திருக்கவேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

எழுத்துப் பிழை எங்களைக் காப்பாற்றாது

போலிச் செய்திகளை எழுத்துப் பிழைகளை வைத்து அடையாளம் காணலாம் என்று ஒரு பழைய ஆலோசனை உண்டு. அதற்குப் புகழ்பெற்ற உதாரணம் இலங்கையோடு தொடர்புடையதுதான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து பணத்தை வெளியேற்றினார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர் தடுக்கப்பட்டது. ‘ஃபௌண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதியிருந்ததை இடைநிலை வங்கி ஒன்று கவனித்துக் கேள்வி எழுப்பியதே காரணம். அந்த ஊடுருவல் தொடங்கியதும் வேலைக்கான விண்ணப்பம் போல வந்த ஒரு மின்னஞ்சலில்தான். ஒரு நாட்டின் மத்திய வங்கி ஊழியர்களே சொடுக்கிவிட்டார்கள் என்றால், என் பெரியம்மா எம்மாத்திரம்?

ஆனால் தமிழில் வாசிக்கும் எங்களுக்கு இந்த அளவுகோல் உதவாது. இந்த நாட்டின் பேருந்துப் பெயர்ப்பலகை முதல் அரச சுற்றறிக்கை வரை உண்மையான தமிழ் அறிவித்தல்களே பிழைகளோடுதான் வருகின்றன. பிழையான தமிழைக் கண்டால் போலி என்று நாங்கள் முடிவு செய்தால், பாதி அரசாங்கக் கடிதங்களைக் கிழித்துப் போடவேண்டிவரும். இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிழையில்லாத தமிழில் எழுதவும் முடிகிறது. ஆகவே மொழியைப் பார்க்காமல், என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும்.

எதைக் கேட்கிறார்கள்?

உங்களுக்குப் பணம் வருவதற்குத் தேவையானவை நான்கு: பெயர், கணக்கிலக்கம், வங்கி, கிளை. அஸ்வெசும ஆகட்டும், இழப்பீடு ஆகட்டும், புயல் வெள்ள நிவாரணம் ஆகட்டும், கனடாவிலிருந்து தம்பி அனுப்பும் காசு ஆகட்டும், இதற்கு மேல் உங்கள் கணக்கு பற்றி ஒன்றும் தேவையில்லை. குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கம், அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கம், பின் இலக்கம், கடவுச்சொல் ஆகியவை பணம் வெளியே போவதற்கான சாவிகள். பணம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் இவற்றைக் கேட்டால் அவர் எடுக்க வந்தவர். கியூஆர் குறியீடும் அப்படித்தான். ஸ்கேன் செய்வது பணம் கொடுப்பதற்கு. வாங்குவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவேண்டியதில்லை.

சிஐடி, பொலிஸ், மத்திய வங்கி என்று யார் பேசினாலும், தொலைபேசியில் விசாரணையை ஆரம்பித்துத் தொலைபேசியிலேயே முடிப்பதில்லை. விசாரணைக்கு அழைப்பதானால் எழுத்தில் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. “கடிதம் அனுப்புங்கள், சட்டத்தரணியோடு வருகிறேன்” என்பது உண்மையான அதிகாரியிடமும் சொல்லக்கூடிய பதில்தான். அதனால் அந்தப் பதிலைச் சொல்லப் பயப்படத் தேவையில்லை.

இணைப்பு ஒன்றோடு குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொடாதீர்கள். தபால் திணைக்களத்தின் பெயரில் “உங்கள் பொதி தேங்கியிருக்கிறது, சிறு தொகை கட்டுங்கள்” என்று வருபவை இந்த வகை. அனுப்பியவரின் இடத்தில் வங்கியின் பெயரே தெரிந்தாலும் நம்பவேண்டாம், அதைப் போலியாகச் செய்ய முடியும். முகவரியைப் பார்ப்பதானால், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதலாவது சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதைப் பாருங்கள். அரச நிறுவனமானால் அங்கே பெரும்பாலும் ‘ஜிஓவி புள்ளி எல்கே’ என்று முடியும். அந்தச் சொற்கள் முகவரியின் நடுவில் எங்கேயாவது இருந்தால் போதாது.

வெளிநாட்டில் உறவுகள் உள்ளவர்களுக்கு இன்னொன்று. “தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ” என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே கேட்பார்கள். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் பாரிஸிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்களிடம் “அவசரம், காசு அனுப்புங்கோ” என்று செய்தி போகும். வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவையுங்கள். பணம் கேட்டு எழுதினால், அனுப்புமுன் அழைத்துக் குரலைக் கேளுங்கள்.

நடந்துவிட்டால் முதலில் அழைக்கவேண்டியது உங்கள் அட்டையின் பின்னால் உள்ள வங்கியின் 24 மணிநேர இலக்கத்தை. கணக்கை முடக்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பிறகு பொலிஸ் முறைப்பாடு. இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. வங்கி உங்கள் முறைப்பாட்டைத் தட்டிக்கழித்தால் மத்திய வங்கியின் 1935. போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று பிறகு ஒருவர் வருவார். அவர் இரண்டாவது திருடர்.

பொறுப்பு யாருடையது?

வாப்பாவுக்கு வங்கி சொன்ன பதில் ஒரே வசனம்தான்: ஓடிபியை நீங்களே கொடுத்ததால் நாங்கள் பொறுப்பல்ல. அறுபது வயது தாண்டிய ஒருவர், வாழ்நாளில் இணைய வங்கியைப் பயன்படுத்தாதவர், பதினொரு நிமிடங்களில் பதிவுசெய்து, புதிய கணக்கொன்றைச் சேர்த்து, சேமிப்பு முழுவதையும் அதற்கு அனுப்புகிறார். இது வங்கியின் கணினிக்கு விசித்திரமாகத் தெரியவில்லையா?

சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். வங்கி முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அதன்பின் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கான குறுஞ்செய்திகளில் இணைப்புகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. புதிய கைபேசியில் கணக்கைச் செயற்படுத்தக் குறைந்தது 12 மணித்தியாலக் காத்திருப்பும் கட்டாயமானது. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளரே அனுப்பிய உள்நாட்டுப் பணத்தை 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. அந்தப் பன்னிரண்டு மணித்தியாலம் இங்கே இருந்திருந்தால் வாப்பாவின் பணம் அன்று மாலையும் அவருடைய கணக்கில்தான் இருந்திருக்கும்.

எச்சரிக்கை வசனத்தை வாடிக்கையாளரின் மொழியில் அனுப்புவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. கணக்குத் திறக்கும்போது எந்த மொழி என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்பது ஓடிபிக்கும் பொருந்தவேண்டும்.

மற்றது, வாப்பாவின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கிளையும் அந்த ஆளின் கைக்கு எப்படிப் போயின என்ற கேள்வி. 2009இல் மெனிக் பாமில் எங்களை எத்தனை தடவை பதிந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. இராணுவம், பொலிஸ், கிராம சேவகர், அரசசார்பற்ற நிறுவனங்கள் என்று எங்கள் விவரங்கள் இல்லாத அலுமாரியே இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆனால் அதன் முக்கிய ஏற்பாடுகளை நடைமுறைப்படுத்துவது பிற்போடப்பட்டே வந்தது.

இவை மாறும்வரை எங்களுக்குள் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. வாப்பா ஒரு கிழமை பள்ளிவாசலுக்குக்கூடப் போகவில்லை, முகம் பார்க்க வெட்கம் என்றார். பெரியம்மா என்னிடம் சொன்னதே நான்கு மாதம் கழித்து. அந்த மௌனத்தில்தான் அதே ஆள் அதே ஊரில் அடுத்த இலக்கத்தை அழைக்கிறான். பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்டபோது வாப்பா கொஞ்சநேரம் யோசித்தார். “எழுதுங்க மகள். ஜும்ஆக்குப் போனா நானும் நாலு பேருக்குச் சொல்றேன்” என்றார்.

பெரியம்மாவும் நானும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். யார் அழைத்து எதைக் கேட்டாலும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: “தங்கச்சியின்ர பிள்ளையிட்டைக் கேட்டுத்தான் சொல்லுவன், ஒரு மணித்தியாலம் கழிச்சு எடுங்கோ.” இதுவரை இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறார். இருவரும் திரும்ப எடுக்கவில்லை.